ஓடியது யார்?

ஒரு கல்யாண விருந்தில் நான் பிடில் வாசித்ததால் ஒரு பெண்மணியின் மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பழி என் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞன் தலையில் விழுந்தது. அது என்னுடையது என்று தெரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிடில் வாசித்து யார் கையையாவது முறிக்க முடியுமா என்று கேட்கத் தோன்றும். ஸ்காட்லாந்தில் முடியும்.

அங்கே கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கு நிதி திரட்டும் மாலை, டிசம்பர் 31 இரவு, ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்து என்று எதற்கும் ஒரு ‘கேலி’ வைப்பார்கள். நம் கேலிக்கும் இதற்கும் உறவில்லை. கேலிக் மொழியில் அதற்கு ஆதிப் பொருள் ஒரு வீட்டுக்குப் போய்வருவது. அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை, பாட்டு, கொஞ்சம் ஆட்டம் என்று இரவைக் கழிப்பார்கள். இன்று கேலி என்றால் ஆட்டம்தான். அக்கார்டியன், பிடில், கீபோர்டு, டிரம்ஸ் என நான்கைந்து பேர் வாசிக்க, இன்ன ஆட்டம், இப்படித் திரும்பு, அப்படிப் போ என்று ஒருவர் மைக்கில் சொல்லிக்கொடுப்பார். பெரும்பாலானோருக்குச் சொல்லவே வேண்டாம். பள்ளி உடற்பயிற்சி வகுப்பிலேயே, கிறிஸ்துமஸ் நெருங்கும்போது, இந்த ஆட்டங்களைப் பழக்கிவிடுகிறார்கள். அதனால் பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் நின்று ஆடுகிறார்கள்.

நான் கும்பகோணத்தில் பன்னிரண்டு வருடம் வயலின் கற்றவன். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கும் வயலின். 2011-இல் வேலைக்காக கிளாஸ்கோ போனேன். உடன் வேலை செய்தவர் கல்யாணத்தில் முதன்முதலாகக் கேலி பேண்டு கேட்டேன். அவர்கள் வாசித்த ஒரு மெட்டு எனக்கு மனப்பாடம். முத்துசுவாமி தீட்சிதரின் ‘வந்தே மீனாக்ஷி’ நோட்டுஸ்வரம்! எட்டு வயதில் கற்றது. விசாரித்தேன். ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’, அயர்லாந்து மெட்டு என்றார்கள். தீட்சிதர் சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர் பேண்டைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் அமைத்தார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினையே கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். என் கையில் இருக்கும் வாத்தியமே வெள்ளைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். இடைவேளையில் பேண்டுக்காரர்களிடம் போய் இதைச் சொன்னேன். அக்கார்டியன் வாசித்த தலைவர், ஓய்வுபெற்ற தச்சர், தம் பிடில்காரர் அபர்டீனுக்குக் குடிபோகிறார், வந்து வாசித்துப் பார் என்றார்.

சேர்ந்த முதல் மாதம் எனக்கு இது சாதாரணம் என்று தோன்றியது. என் குற்றம் அங்கேயே தொடங்கிவிட்டது. ஜிக் என்பது ‘தகிட தகிட’, அதாவது திஸ்ரநடை. ரீல் என்பது ‘தகதிமி தகதிமி’. இரண்டு அடி சேர்ந்தால் ஒரு ‘பார்’. எட்டு பார் ஒரு பகுதி, அதை இருமுறை. அடுத்த எட்டு, அதையும் இருமுறை. மொத்தம் 32 பார். திரும்ப முதலிலிருந்து. மூன்று நான்கு மெட்டுகளைக் கோர்த்து ஓர் ஆட்டத்துக்கு வாசித்தால் முடிந்தது. ஸ்ட்ராத்ஸ்பே என்ற நடை மட்டும் கொஞ்சம் தண்ணி காட்டியது. குறில் முதலில் வெடுக்கென்று விழ, நெடில் பின்னால் இழுக்கும். மற்றபடி கமகமில்லை, நிரவலில்லை, கணக்கில்லை. பல்லவி பாடுபவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன்.

வித்தை வேறிடத்தில் இருந்தது. எய்ட்சம் ரீல் என்றோர் ஆட்டம், முழுதாக ஆடினால் 464 பார். கிட்டத்தட்ட எட்டு நிமிடம் போகும். எட்டு பேரும் ஒவ்வொருவராக வட்டத்தின் நடுவே போய்த் திரும்பும்வரை காலப்பிரமாணம் மயிரிழை நகரக் கூடாது. தலைவருக்கு இதில் தெய்வம் ஜிம்மி ஷாண்ட். 1955-இல் ‘புளூபெல் போல்கா’ இசைத்தட்டால் பிரிட்டன் முழுக்கத் தெரியவந்த அக்கார்டியன்காரர். சிறு வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர், சர் பட்டம் வாங்கி, 2000-இல் மறைந்தார். ஷாண்டின் பழைய தட்டைக் கடிகாரத்தோடு வைத்துக் காட்டுவார் தலைவர். “ஆரம்பத்திலும் முடிவிலும் ஒரே நடை. பார், நாம் வாசிப்பது காதுக்கு இல்லை, முழங்காலுக்கு” என்பார். அறுபது வயது முழங்காலையும் பத்து வயது முழங்காலையும் சேர்த்துத் தூக்கி, சேர்த்து இறக்கும் வேகம் ஒன்றுதான் உண்டு. அதைக் கண்டுபிடிக்க ஆடுபவர்களின் காலைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நட்டுவாங்கம் செய்பவர் பாதத்திலிருந்து கண்ணெடுக்க மாட்டார் என்பதை அறிந்த ஊரிலிருந்து வந்தவன் நான். ஆனாலும் நான் பார்த்தது என் விரல்களை.

எனக்கு வேறொரு போதை ஏறியிருந்தது. ஆட்டம் சூடுபிடித்தால் கூட்டத்திலிருந்து ‘ஹியூக்!’ என்று ஒரு கூவல் கிளம்பும். கொஞ்சம் முடுக்கினால் கூவல் கூடும். கும்பகோணத்துக் கல்யாணக் கச்சேரிகளில் சாம்பார் வாளிச் சத்தத்துக்கு நடுவே யாரும் கேட்காமல் வாசித்துப் பழகியவனுக்கு, இருநூறு பேர் தன் வில்லுக்குத் துள்ளுவது என்னவோ செய்தது. அது போதாதென்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போதெல்லாம், “தாளத்தை அரைக்கால், வீசம் வரைக்கும் எண்ணுகிற ஊர்க்காரர்” என்பார். நான் தலைகுனிந்து சிரித்து அதை வாங்கிக்கொள்வேன்.

2017 ஆகஸ்ட். பெர்த்ஷயரில் ஒரு கல்யாணம். இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்ந்து வெந்த ஸ்டோவீஸின் வாசனை கூடத்துக்குள் வந்துவிட்டது. அதற்குமுன் கடைசி ஆட்டம், ஆர்க்னி தீவுக்காரர்களின் ‘ஸ்ட்ரிப் த வில்லோ’. கூடத்தின் நீளத்துக்கு எதிரெதிராக இரண்டு வரிசை. மேல்முனை ஜோடி கைகோத்துச் சுழன்றுவிட்டு, வரிசையில் நிற்பவர் ஒருவரோடு ஒரு சுற்று, தன் ஜோடியோடு ஒரு சுற்று என்று மாறிமாறிக் கீழே இறங்க வேண்டும். அவர்கள் பாதி இறங்குமுன் அடுத்த ஜோடி தொடங்கிவிடும். சற்று நேரத்தில் கூடமே திருகாணிபோலச் சுழலும். இதற்கு இத்தனை பார் என்ற கணக்கில்லை; எல்லாரும் இறங்கும்வரை பேண்டு வாசிக்க வேண்டும்.

அன்று கூட்டம் அதிகம். வரிசையை ஒழுங்குபடுத்தத் தலைவர் அக்கார்டியனைக் கழற்றி வைத்துவிட்டு, மைக்கோடு தரையில் இறங்கினார். மேடையில் நான், கீபோர்டு வாசிக்கும் பெண்மணி, டிரம்ஸ் பையன். பையன் தபால்காரன், இருபத்து மூன்று வயது, பேண்டில் சேர்ந்து ஆறு மாதம். பிடில்தான் முன்னால். என் செல்பேசியை நோட்டு வைக்கும் தாங்கியில் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டு, வில்லை எடுத்தேன்.

முதல் மெட்டு சரியாகத்தான் போயிருக்கும். இரண்டாவதில் ஒருவர் கூவினார். மூன்றாவது மெட்டுக்கு டி-யிலிருந்து ஏ-க்கு ஏறினோம். ஸ்ருதி ஏறும்போது கை தானாக ஓடப் பார்க்கும், பிடிக்க வேண்டும். நான் பிடிக்கவில்லை, தட்டிவிட்டேன். சிரிப்பும் கூவலுமாக இருந்தது. பிறகு ஒரு சத்தம், நாற்காலிகள் சரியும் சத்தம். மாப்பிள்ளையின் அத்தை, நீலப் பட்டு உடை, ஒருவர் கையிலிருந்து நழுவி மேசை விளிம்பில் போய் மோதி விழுந்தார். எழுந்து உட்கார்ந்து, இடது கையை வலது கையால் ஏந்திக்கொண்டு, “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று சிரிக்க முயன்றார். அந்த மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. மிச்ச இரவுக்கு வால்ட்ஸ்தான் வாசித்தோம்.

வேனில் திரும்பும்போது தலைவர் ஓட்டிக்கொண்டே, கண்ணாடியில் பின்னால் பார்த்து, “தம்பி, நீ குதிரை ஓட்டிவிட்டாய்” என்றார். தரையில் நின்றவருக்குக் கேட்டது டிரம்ஸ்தான். அந்தக் கூச்சலில் பிடில் எங்கே கேட்டிருக்கும்? பையன் பதில் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, ஏ-9 சாலையின் இருட்டு.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டேன். கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினேன். தொடக்கத்தில் 32 பாருக்கு 32 நொடி, அதாவது நிமிடத்துக்கு 120 அடி, சரியான நடை. அத்தை விழுவதற்கு முந்தைய சுற்று 26 நொடி. கிட்டத்தட்ட 148. அதைவிட மோசம் இன்னொன்று. மூன்றாவது மெட்டில் என் வில் முன்னால் போக, அவன் குச்சி ஒரு மயிரிழை பின்னால் விழுகிறது. இழுத்துப் பிடிக்கிறான். இரண்டு சுற்று, தனியாக, என்னைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறான். இனி இழுத்தால் இரண்டும் பிரிந்து ஆடுபவர்கள் தடுமாறுவார்கள் என்ற நிலையில் விட்டுக்கொடுத்து என்னோடு வருகிறான். கேட்கத் தெரிந்த எவருக்கும் அது சாட்சி. நான்கு முறை கேட்டேன். பிறகு அழித்தேன்.

எனக்கு இது புதுப் பழக்கமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் மேடையிலும் பாடுபவர் ஓடிவிட்டு மிருதங்கக்காரரை முறைப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். நானே அப்படி ஓரிருமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். லயம் பிதா என்று வாய் சொல்லும். அந்தப் பிதாவின் பிழையை மட்டும் பக்கத்தில் இருப்பவர் பெயரில் எழுதிவிடுவோம்.

அடுத்த மூன்று நிகழ்ச்சிகளிலும் பையன் பயந்து பயந்து வாசித்தான். நடை இழுத்தது. தலைவர் அதற்கும் சொன்னார். நான்காவதற்கு அவன் வரவில்லை. தபால் வேலையில் அதிகாலை முறை மாறிவிட்டது என்று செய்தி அனுப்பினான். எனக்கு நானே பல சமாதானம் சொல்லிக்கொண்டேன். சின்னப் பையன், வேறு பேண்டு கிடைக்கும். உண்மை அவனுக்குத் தெரியும், வேண்டுமென்றால் சொல்லியிருப்பானே. சொல்லாமல் விட்டது அவன் பெருந்தன்மை. இந்தக் கடைசிச் சமாதானத்தில் இரண்டு வருடம் ஓட்டினேன்.

2019-இல் புதிய டிரம்ஸ்காரர் ஒத்திகை நடுவே குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர், யாருக்கும் பயப்படாதவர். “இந்தப் பிடில் ஓடுகிறது” என்றார். அவ்வளவு சுலபமாக. கூடத்தில் யாரும் பேசவில்லை. நான் தலைவரிடம், “பெர்த்ஷயரிலும் நான்தான்” என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் அக்கார்டியனின் துருத்தியை மெல்ல மூடி, வாரை மாட்டினார். “என்னிடம் ஏன் சொல்கிறாய்?” என்றார்.

மறுநாள் மாலை பையனுக்குப் போன் செய்தேன். பெருந்தன்மைக்காரனிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறோம், அவன் ‘விடுங்கள்’ என்பான் என்ற எண்ணத்தில்தான் கேட்டேன். அந்த இரவு ஓடியது நான், நீ இல்லை என்று சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை.

“நான் இல்லையா?” என்றான்.

அவன் பெருந்தன்மையால் பேசாமல் இருக்கவில்லை. வேனில் என்னைத் திரும்பிப் பார்த்தது குற்றம்சாட்டி அல்ல. பன்னிரண்டு வருடம் தாளம் பயின்றவர் இவர், இவருக்குத் தெரியும் என்று நம்பி, நானா ஓடினேன் என்று கேட்டிருக்கிறான். நான் ஜன்னலைப் பார்த்ததைப் பதிலாக எடுத்துக்கொண்டான். அதன்பிறகு இரண்டு மாதம், தினமும் தபால் போட்டு வந்து, மெட்ரோனோம் வைத்து வாசித்துப் பார்த்தானாம். தனியாக வாசித்தால் நடை நிற்கிறது. அப்படியானால் கூட்டத்துக்கு முன்னால்தான் நான் கெட்டுப்போகிறேன் என்று முடிவுகட்டி டிரம்ஸை விற்றுவிட்டான். அந்த அத்தைக்குப் பூங்கொத்தும் கடிதமும் அனுப்பியிருக்கிறான். மன்னிப்புக் கேட்டு.

நான் என்னவோ சொன்னேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

“அன்றைக்கு உங்கள் போனில் வீடியோ எடுத்தீர்கள், இல்லையா? அது இருக்கிறதா? நான் எப்படி வாசித்தேன் என்று ஒருமுறை கேட்க வேண்டும்.”