இருக்கம் தீவுக்குப் பாய்மரத்தில்

செவ்வாப்பேட்டையிலிருந்து தீவுக்குப் புறப்பட்டோம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். நம் ஊருக்கும் சமுத்திரத்துக்கும் அவ்வளவு நெருங்கிய சிநேகம் இல்லை என்பது உண்மைதான். ஆயினும் புறப்பட்டோம். காரணம், நமது மைத்துனர் மகன் கொண்டுவந்து காட்டிய ஒரு படப் புத்தகம். மேற்கிந்தியத் தீவுகளில் மஸ்டீக் என்று ஒரு சிறு தீவாம். 1958-ல் பிரபு குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அதை விலைக்கு வாங்கினார். 1960-ல் மார்கரெட் இளவரசிக்குக் கல்யாணப் பரிசாக அதில் ஒரு மனையையே கொடுத்துவிட்டார். அது முதல் சீமான்களும் சீமாட்டிகளும் வெள்ளைப் பாய் விரித்த படகுகளில் அங்கே போய் இளைப்பாறுகிறார்களாம்.

நமது சகதர்மிணி படங்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டு, "நம் பக்கத்தில் தீவே இல்லையா?" என்றாள்.

இருக்கிறது. நம் திருவள்ளூர் ஜில்லாவின் வடகிழக்கு மூலையில் தொடங்கி ஆந்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் பழவேற்காட்டு ஏரிதான், இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதில் தீவுகள் உண்டு. பாய்மரமும் அடியோடு மறைந்துவிடவில்லை.

முதலில் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கே போனோம். ஒரு காலத்தில் அந்த ஊரும் சீமான்களின் ஊராக இருந்ததுதான். 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் அங்கிருந்தே நடத்தினார்கள். 1690-ல்தான் தலைமை ஸ்தானம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. மலாய் தேசத்தார் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்று சொல்வது இந்த ஊரின் பெயரால்தான். ஆனால் இங்கிருந்து கப்பல் ஏறியது துணி மட்டும் அல்ல. பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் தம்மையே விற்றுக்கொண்ட ஏழைகளும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் படேவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு, சுற்றிலும் அகழி. டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் மட்டும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நானூறு ஆண்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

படகு கேட்டபோது கரையில் இருந்தவர்கள் தலையை அசைத்துவிட்டார்கள். 2011-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, உல்லாசமாகப் படகேறிய குடும்பத்தார் 22 பேர் அந்த நீரில் மாண்டார்கள். அதற்குப் பிறகு உல்லாசப் படகுக்கு அங்கே தடை விழுந்தது. யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. சும்மா திரும்பினோம்.

ஆயினும் அடுத்த தை மாதத்தில், பேஸின் பிரிட்ஜில் ரயில் மாறித் தடா ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போனால் இருக்கம் தீவுக்குப் படகு உண்டு. உல்லாசத்துக்கான படகு அல்ல. ஊராரின் அரிசியும் மண்ணெண்ணெயும் மாப்பிள்ளையும் ஏறுகிற படகு. இயந்திரப் படகு போய்விட்டிருந்தது. பாய்மரம் வைத்திருந்த பெரியவர் ஒருவர், மூவருக்கும் மிதவைச் சட்டை மாட்டிய பிறகே நம்மை ஏற்றிக்கொண்டார்.

"இவ்வளவு ஆழமில்லாத ஏரிக்கு இது எதற்குப் பெரியவரே?" என்றோம். ஏரியின் ஆழம் சராசரி ஒரு மீட்டர்தான் என்று படித்திருந்த கர்வம்!

"இடுப்பளவு தண்ணியும் ஆளைக் கொல்லும், ஐயா. கீழே சேறு. கால் போனா வராது" என்றார் அவர்.

பாய் என்றால் மஸ்டீக் படத்துப் பட்டுப் பாய் அல்ல. கோணிகளைப் பிரித்துத் தைத்தது. ஒட்டுப் போட்ட இடங்களே அதிகம். ஆனால் வாடைக் காற்று வந்து அதில் புகுந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓசையே இல்லாமல் ஓடிற்று. அந்த நிசப்தத்தை எப்படி எழுதுவது! நீர் பலகையைத் தடவும் சப்தம் ஒன்றுதான். தூரத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மேகம் என்று நினைத்தோம். பெரியவர் "பூநாரை" என்று சொன்ன பிறகுதான், அத்தனையும் ஒற்றைக் காலில் நிற்கும் பறவைகள் என்று விளங்கிற்று. அதற்கும் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டை. 1971 முதல் ராக்கெட்டுகள் புறப்படும் தீவு. சந்திரனுக்கு வழி கண்டுபிடித்த இடத்துக்கு எதிரே, கோணிப்பாயில் காற்றுப் பிடித்துக்கொண்டு போனோம்.

இருக்கத்தில் அரசாங்கம் ஆந்திரத்துடையது, பேச்சு தமிழ். மணல் பாதை, மீன் வலை உலரும் முற்றங்கள், இளநீர் வெட்டிக் கொடுத்த ஒரு வீடு. அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். இதற்கு மேல் வர்ணிக்க ஒன்றுமில்லை.

மாலையில் கொண்டல் காற்று எழுந்து நம்மைக் கரை சேர்க்கும் என்று பெரியவர் கணக்குப் போட்டிருந்தார். பூநாரைக் கூட்டத்தின் அருகே சற்று நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும் என்று மைத்துனர் மகன் ஏற்பாடு. படகில் கால் வைக்கும் சமயம், இளம்பெண் ஒருத்தி கைக்குழந்தையுடன் ஓடி வந்தாள்.

"மாமா, என்னையும் ஏத்திக்குங்க. பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல். அடுத்த மோட்டார் படகு வர நேரமாகும்."

பெரியவர் நம்மைப் பார்த்தார். நமது சகதர்மிணி அதற்குள் தன் மிதவைச் சட்டையைக் கழற்றி அவளுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். பெரியவர் இன்னொன்று தேடி எடுத்துக் கொடுத்தார்.

பாதி வழியில் காற்று செத்துவிட்டது. பாய் தொய்ந்து மரத்தைச் சுற்றிக்கொண்டது. காலையில் நாம் கொண்டாடிய நிசப்தம் அப்போது பெரும் பயமாக இருந்தது. அதில் அந்தக் குழந்தை மூச்சு விடுவது கேட்டது. பெரியவர் கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றித் தள்ளினார். சற்றைக்கெல்லாம் மைத்துனர் மகன் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டு மறு கழியை வாங்கிக்கொண்டான். பூநாரைகள் வலப்புறத்தில் அப்படியே நின்றன; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மழைக் காலத்தில், இருட்டில், இப்படி ஆனால் என்ன செய்வாய் அம்மா?" என்று கேட்டோம்.

"இப்படித்தாங்க ஐயா, தள்ளிக்கிட்டே வருவாங்க. நானே இந்தப் படகிலேதான் பொறந்தேனாம். அம்மாவைக் கரைக்குக் கொண்டு போறதுக்குள்ளே" என்றாள். பெரியவர் கழியை ஊன்றியபடியே, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

கரை சேர ஒன்றரை மணிக்கு மேல் ஆயிற்று. ஆட்டோ ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுக்க மறந்து, அதோடேயே அவள் போய்விட்டாள்.

"இருக்கட்டும் ஐயா. திரும்பி வர்றப்போ கொண்டாந்துடும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் பாயைச் சுருட்டினார்.