கல்யாணத்துக்கா, சாவுக்கா?

"எனக்கு பேண்டுன்னா உயிர்" என்று தஞ்சாவூரில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். என் அத்தையிடம் சொன்னேன். முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்:

"எதுக்குடா... கல்யாணத்துக்கா, சாவுக்கா?"

அத்தை மேல் தப்பில்லை. எங்கள் பக்கம் பேண்டு என்றால் பேண்டு வாத்தியம்தான். சிவப்புச் சட்டை, தோளில் ஜரிகைப் பட்டை, நசுங்கிய ட்ரம்பெட், கிளாரினெட், ஒரு பெரிய ட்ரம். காலையில் மாப்பிள்ளை ஊர்வலத்தில் வாசித்த அதே குழு சாயங்காலம் பாடைக்கு முன்னால் வாசித்துக்கொண்டு போகும். பாட்டு மட்டும் மாறும். சில சமயம் அதுவும் மாறாது!

இந்த பேண்டுக்கும் ஒரு ராஜபரம்பரை உண்டு என்றால் நம்புவீர்களா? தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர், அரண்மனையிலேயே ஓர் ஐரோப்பிய பாணி பேண்டு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேற்கத்திய இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. திருவாரூர்க்காரரான முத்துசுவாமி தீட்சிதர், சென்னைப் பக்கம் இருந்தபோது காதில் விழுந்த பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் தேசிய கீதத்துக்கே அவர் சாமி பாட்டு போட்டிருக்கிறார். ஃப்யூஷன் என்று இன்று போஸ்டர் அடிக்கிறோமே, அதை எங்கள் ஊர்க்காரர் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே செய்து முடித்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சரி, நான் உயிர் என்று சொன்ன பேண்டு வேறு. கிடார், ட்ரம்ஸ், இருட்டு மேடை, புகை. நானும் கேட்காத ஆளில்லை. பெங்களூரின் 'அகம்' குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 'ரங்கபுர விஹாரா' என்ற தீட்சிதர் கீர்த்தனையை எலெக்ட்ரிக் கிடாரோடு பாடுவார்கள். ஸ்ரீரங்கத்து ரங்கநாதரைப் பற்றிய பாட்டு. காவிரிக்கரைச் சரக்கு பெங்களூர் போய், ஹெட்போன் வழியாகத் திரும்பி என் காதுக்கே வருகிறது. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் மேல் ஸ்தாயியில் நின்று கத்தும்போது, சுத்தமான கர்னாடக சங்கீத மாமாக்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காதது ட்ரம்ஸ்தான். ராகம் மூச்சு விடுகிற இடத்தில்கூட விடாமல் அடித்து நிரப்பிவிடுகிறார்கள். ரெண்டு விநாடி சும்மா இருந்தால் குடி முழுகிப் போய்விடுமா?

இன்னொன்று, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா.ரஞ்சித் முன்னெடுத்து, தென்மா இசைப் பொறுப்பேற்று, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய குழு. கானாவும் ராக்கும் ராப்பும் பறையும் ஒரே மேடையில். இதை டெல்டாவிலிருந்து கேட்பது வேறு அனுபவம். ஏனென்றால் இங்கே தப்பு எங்கே நிற்கும், யார் அடிப்பார்கள், யார் வீட்டு வாசல் வரை வரலாம் என்றெல்லாம் எழுதாத சட்டம் இருந்த ஊர்கள் இவை. சாவு வீட்டில் ஓரமாக நின்று அடித்த அதே கருவி, நடு மேடையில் வெளிச்சத்தில் நிற்கிறது. ஆயிரக்கணக்கான பேர் கைதட்டுகிறார்கள். 'பாட்டில் பிரசாரம் ஜாஸ்தி' என்றான் ஒரு நண்பன். இருக்கட்டுமே! வாத்தியத்தை எந்த இடத்தில் நிற்க வைக்கிறோம் என்பதே ஒரு பிரசாரம்தான்.

இந்த நிற்கிற இடம் பற்றிப் பேசினால் திருவாவடுதுறைக்குப் போகாமல் முடியாது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. 1898ல் பிறந்து 1956ல் மறைந்தவர். என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் முதல் ராக் ஸ்டார் அவர்தான். நாகஸ்வரக்காரர்கள் மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடி வாசித்த காலம். இவர் குடுமியை எடுத்துவிட்டு கிராப் வைத்தார். ஷெர்வானி போட்டார், காலில் ஷூ, காதில் வைரக் கடுக்கன். மேடையில் உட்கார்ந்து வாசித்தார். 1940ல் 'காளமேகம்' படத்தில் ஹீரோவாகவே நடித்தார். டைரக்டர், அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர். டங்கன். கோபம், குடி, ஊதாரித்தனம் என்று ராக் ஸ்டாருக்கு வேண்டிய மற்ற தகுதிகளும் அவருக்கு உண்டு என்பார்கள். ஆனால் தோடியை எடுத்தால் மணிக்கணக்கில் போகும். கூட்டம் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

கிடார்காரர்கள் தங்களுக்கென்று தனியாகக் கிடார் செய்துகொள்கிறார்களே, அவரும் செய்துகொண்டார். பக்கத்து ஊர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து உருவாக்கியதுதான், கட்டையான குரல் உள்ள நீண்ட பாரி நாகஸ்வரம். அதற்கு முன் புழங்கியது திமிரி. குட்டை, உச்சக் குரல். ஆச்சா மரம், அதுவும் பழைய வீடு இடித்த கட்டையாக இருந்தால் உத்தமம். பல வருஷம் காய்ந்த மரம் விரியாது. ஊதுகிற சீவாளிக்கு ஆற்றங்கரை நாணல். 2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகிற பஸ்ஸில் போனால் இந்த ஊர் வரும். இறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள்.

இனி நம் காலத்து 'லைவ்' சமாசாரம்.

சென்னையில் ஒரு பெரிய கச்சேரிக்கு, 2500 ரூபாய் கொடுத்து, தஞ்சாவூரிலிருந்து ஏழு மணி நேரம் பஸ்ஸில் போனேன். பாடகர் என் கட்டைவிரல் நகம் அளவில் தெரிந்தார். அவருக்குப் பக்கத்தில் ராட்சச எல்.இ.டி. திரை. எல்லோரும் திரையைப் பார்த்தோம். எனக்கு முன்னால் நின்றவர் அந்தத் திரையை போனில் படம் எடுத்தார். நான் அவர் போனைப் பார்த்தேன். டிக்கெட்டில் 'லைவ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

இதுவாவது தேவலை. 2023 செப்டம்பர் 10 அன்று சென்னையில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' ஞாபகம் இருக்கும். டிக்கெட் வாங்கியும் உள்ளே போக முடியாமல், நெரிசலில் சிக்கி அழுதுகொண்டே திரும்பியவர்கள் எத்தனையோ பேர். ரஹ்மானே வருத்தம் தெரிவித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்யவேண்டியதாயிற்று. பாட்டில் ஒரு குறையும் இல்லை. பாட்டுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் இருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

2025 ஜனவரி 18 ஒரு வேடிக்கையான தேதி. அன்றைக்கு ராத்திரி நவி மும்பையில் கோல்ட்ப்ளே குழுவின் இந்தியக் கச்சேரிகள் தொடங்கின. டிக்கெட்டுக்கு நாடே ஆன்லைனில் வரிசை நின்றது. அதே நாள் காலையில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனையின் பஞ்சரத்னம். டிக்கெட்டே கிடையாது. தரையில் உட்கார இடம் கிடைத்தால் போதும். நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிராக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் சேர்ந்து பாடுவார்கள். பின்னாலிருக்கிற கூட்டமும் பாடும். எனக்குத் தெரிந்து மேடை எது, ரசிகர் யார் என்ற வித்தியாசமே இல்லாத கச்சேரி இது ஒன்றுதான். கோல்ட்ப்ளே எல்லோர் கையிலும் விளக்குப் பட்டை கட்டிச் செய்வதை, இங்கே ஒன்றும் கட்டாமலே செய்கிறார்கள்.

ஒலி நன்றாக இருக்குமா? இருக்காது. மைக் அருகே உட்கார்ந்தவர் குரல்தான் ஓங்கி வரும். அவருக்கு ஸ்ருதி சேரவில்லை என்றால் ஊருக்கே சேராது. டி.வி. கேமரா திரும்பும் பக்கம் பக்தி கூடும். இருந்தாலும் போங்கள். மூன்றாவது பாட்டில் உங்களை அறியாமல் தொடையில் தாளம் விழும்.

மெல்லிசைக் குழுக்களைப் பற்றி ரெண்டு வார்த்தை. மாரியம்மன் கோயில் திருவிழா, லாரித் தட்டில் மேடை, 'இன்னிசை மழை' என்று பேனர். 'தளபதி' படத்து அந்த நீளமான வயலின் ஆரம்பத்தை ஒற்றை கீபோர்டில் சமாளிக்கிறவர்தான் ஊருக்கு ஹீரோ. துண்டுச் சீட்டில் விருப்பப் பாடல் எழுதி அனுப்புவோம். இப்போது கேட்கிற முதல் கேள்வியே, "தம்பி, லைவா, ட்ராக்கா?" என்பதுதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ல் விதி வந்தது. ஒரு காலத்தில் பத்து மணிக்கு ஆரம்பித்த கச்சேரி இப்போது பத்து மணிக்கு முடிகிறது.

அப்படியென்றால் நல்ல லைவ் எங்கேதான் கேட்பது என்கிறீர்களா? நடந்துகொண்டே!

டெல்டாவின் எந்தப் பெரிய கோயிலிலும் உற்சவ காலத்து ராத்திரிப் புறப்பாட்டுக்கு வாருங்கள். சாமி வாசலைத் தாண்டும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. அதற்குப் பாட்டு வரி கிடையாது, வெறும் ஸ்வரமும் தாளமும்தான். தவில் விழும்போது உங்கள் நெஞ்செலும்பு அதிரும்; எந்த ஸ்பீக்கரும் அதைச் செய்யாது. பிறகு வீதியில் ஊர்ந்துகொண்டே ஒரு ராகம். முக்கில் சாமி நிற்கும், மேளமும் நிற்கும், அங்கே தவிலுக்குத் தனி. நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி என்று பெரியவர்கள் இன்னமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால் இன்றைக்கு வாசிக்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தட்டுப்பாடெல்லாம் கேட்கிற ஆளுக்குத்தான்.

எங்கள் தெருவில் ஒரு தவில் வித்வான் இருக்கிறார். கல்யாண மண்டபங்களில் அவர் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன். பிரமாதமான ஒரு கணக்கில் இறங்கி, முக்கால்வாசி வந்திருப்பார். ஐயர் விரலை ஆட்டுவார். உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கெட்டிமேளம்! தாலி ஏறுகிற நேரம், தப்பு சொல்லமுடியாது. ஆனால் அதற்கு முன்னால் இருந்த ஒன்றரை மணி நேரத்தில், அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த கல்யாணங்களில் போட்டோகிராபருக்குப் பேரம் பேசுவதில்லை, மேளத்துக்குப் பேசுவார்கள். 2020ல் கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றபோது அவர் வீட்டுத் தவில் மாதக்கணக்கில் உறைக்குள் கிடந்தது. அந்த வருஷம்தான் பையனை, "இது வேணாம், வேற வேலை பாரு" என்றார்.

பையன் கேட்கவில்லை. திருவையாறு அரசு இசைக் கல்லூரியில் படித்தவன். சென்னைக்குப் போய் ஒரு பேண்டில் சேர்ந்துவிட்டான். கிடார், கீபோர்டு, நடுவில் இவன் தவில். மேடையில் பெயர் சொல்லி அறிமுகம் செய்கிறார்கள், விசில் பறக்கிறது, செல்ஃபி எடுக்கிறார்கள். பொங்கலுக்கு வந்தபோது அந்த வீடியோவை அப்பாவிடம் காட்டினான். நானும் கூட இருந்தேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு மெதுவாகக் கேட்டார்:

"தனிக்கு எத்தன நேரம் குடுத்தாங்க?"

"நாலு நிமிஷம்ப்பா."

"நாலு நிமிஷத்துக்கா கூடு மாட்டுன?"

கூடு என்றால் தவில்காரர்கள் வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் உறை. துணியைப் பசையில் சுற்றிச் சுற்றி, கல் மாதிரி காயவைத்தது. பையன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. வீடியோவை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. விசில் கிடைக்கிற இடத்தில் நாலு நிமிஷம். நேரம் கிடைக்கிற இடத்தில் விசில் இல்லை. பையன் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வந்துவிடுகிறான். அப்பாவும் அவனும் சேர்ந்து வாசிக்கிறார்கள். மேல வீதி முக்கில் சாமி நின்றால் முக்கால் மணி நேரம் அசையாது.

நீங்கள் வருவதாக இருந்தால் சில யோசனைகள். தவில்காரரின் வலது பக்கம், பத்தடி தள்ளி நில்லுங்கள். வலந்தலை அந்தப் பக்கம்தான் இருக்கும். ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில் மட்டும் நிற்காதீர்கள். கூட்டம் இருக்காது, அதனால் முன்வரிசை உறுதி. ரெண்டு மூன்று மணி நேரம் ஆகும், கால் கடுக்கும். முக்குக்கு முக்கு டீக்கடை உண்டு.