பாக்ஸ் இறக்கும் பட்டறை

அரியலூர்ச் சுண்ணாம்புக் கல் பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சிப்பியும் நத்தையும் அந்தக் கடலில் வாழ்ந்தவைதான். அந்தக் கல்லை நம்பி அரசு சிமென்ட் ஆலை 1979-இல் ஓடத் தொடங்கியது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் எழுந்தன. சுரங்கச் சரிவில் முழுப் பாரத்தோடு முக்கி ஏறும் டிப்பர்கள் முதலில் பறிகொடுப்பது கிளட்சை, அப்புறம் கியர் பாக்ஸை.

பெரம்பலூர்ப் பக்கம் நான் போன பட்டறை, மேஸ்திரியின் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. பழைய டிப்பர் ஒன்று வந்து நின்றது.

"செகண்டு நிக்க மாட்டேங்குது மேஸ்திரி. லோடு ஏறுனா தானா நியூட்ரலுக்கு வந்துருது" என்றார் டிரைவர்.

மேஸ்திரி பதில் சொல்லாமல் டிரெயின் பிளக்கைக் கழற்றினார். வடிந்த ஆயிலை இரண்டு விரலில் தேய்த்து வெயிலில் காட்டினார். "மஞ்சளா மின்னுது பாருங்க சார். பித்தளை. சிங்க்ரோ ரிங் தேஞ்சிருக்கு. வெள்ளையா சில்லு சில்லா வந்தா அது பல்லு. அதுக்குத்தான் பயப்படணும்."

செயின் பிளாக்கில் பாக்ஸை இறக்கிப் பிரித்து, ஒவ்வொன்றாக டீசலில் கழுவினார்கள். பழைய ரிங்கைக் கியரின் கூம்பில் வைத்து அழுத்தி, இடுக்கில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். மெல்லிய தகடுகூட நுழையவில்லை. ரிங் உட்புறம் தேயத் தேயக் கூம்புக்குள் அமிழ்ந்துகொண்டே போகும். இடைவெளி தீர்ந்தால் பிடிப்பும் தீர்ந்தது.

ரிங்கை மாற்றினால் போதுமென்று வண்டி முதலாளி போனில் சொன்னார். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. கியர் கழன்று வந்ததற்குக் காரணம் ரிங் இல்லை. ஸ்லீவ் வந்து கவ்வும் சின்னப் பற்களின் முனை உருண்டிருந்தது, செலக்டர் ஃபோர்க்கும் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. "வெறும் ரிங்குக்குக் காசு வாங்கிட்டு நான் வண்டிய அனுப்ப மாட்டேன்" என்று போனை வைத்துவிட்டார். இந்த வேலையில் திறமை பாதி, முடியாது என்று சொல்லும் துணிச்சல் பாதி என்றே எனக்குப் பட்டது.

இந்தப் பாக்ஸை எடுத்துவிட்டு 9 கியர் பாக்ஸ் ஏற்றலாமா என்றும் முதலாளி கேட்டிருந்தார். ஏற்றலாம்தான். பெல் ஹவுசிங், கிளட்ச், மவுண்டிங், புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம், ஏர் லைன் எல்லாம் சேர்ந்து மாறும். பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது.

அப்படி ஒரு 9 கியர் பாக்ஸ் மூலையில் திறந்து கிடந்தது. அதன் பின்பகுதியில் நடுவே ஒரு சன் கியர், அதைச் சுற்றிச் சின்னக் கியர்கள், வெளியே பல் வைத்த வளையம். வளையத்தை ஹவுசிங்கோடு பிடித்து நிறுத்தினால் லோ. சின்னக் கியர்களின் சட்டத்தோடு பூட்டினால் மொத்தமும் ஒன்றாகச் சுற்றும், அது ஹை. மாற்றுவது காற்றழுத்தம். பல ஆட்டோமேட்டிக் கார்களிலும் இதே அமைப்புதான். அங்கே பிடிப்பதும் விடுவதும் ஆயில் அழுத்தம்.

பழைய ஆட்டோமேட்டிக் காரின் பாக்ஸ் ஒன்றை மேஸ்திரி பிரித்துப் பூட்டியிருக்கிறார். கொட்டகையில் இல்லை, வீட்டுக்குள், ஃபேனை நிறுத்திவிட்டு! வால்வ் பாடியில் நூல் கனத்துக்குத்தான் வழிகள். ஒரு துளி சுண்ணாம்புத் தூசி போனாலும் வால்வு சிக்கிக்கொள்ளும். கிளட்ச் பிளேட்டுகளை அதற்குரிய ஆயிலில் ஊறப்போட்டு, இறுகிப்போன ரப்பர் சீல்களை எல்லாம் மாற்றி, பூட்டும் முன் கம்ப்ரெஸர் காற்றை விட்டு ஒவ்வொரு பிஸ்டனும் 'டொப்'பென்று நகர்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாராம்.

"வேலை முடியுற வரைக்கும் வீட்டுல யாரும் அந்த ரூமுக்குள்ள வரல. சண்டைதான்" என்று சிரித்தார்.

சாயங்காலம் முதலாளி மறுபடி கூப்பிட்டார். கியர், ஃபோர்க், ரிங் மூன்றுக்கும் சம்மதம். கூலியில் பாதி இப்போது. மீதி, வண்டி நாலு லோடு ஏற்றிச் சரிவில் செகண்டு நின்ற பிறகு.