படிக்கிற பெண்ணைக் கூப்பிடாதீர்கள்!

பரீட்சைக் காலம் நெருங்கினால் நம் வீடுகளில் ஒரு புகார் தவறாமல் கிளம்பும். "இந்தப் பெண்ணுக்கு மனசு ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!" கூடவே ஓர் உபதேசமும் வரும்: "அந்தக் காலத்தில் முத்துசாமி அய்யர் தெரு விளக்கில் படித்தார். உனக்கு மின்சார விசிறி வேறே!"

வாஸ்தவம். 1832-ல் பிறந்த அந்த ஏழைப் பையன் தெரு விளக்கடியில் படித்துத்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி ஆனார். ஆனால், சகோதரிகளே, ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். தெரு விளக்கடியில் வெளிச்சம் குறைவாக இருந்திருக்கலாம். "கொஞ்சம் இந்தப் பாலைப் பார்த்துக்கோ" என்று கூப்பிட அங்கே ஒருவரும் இல்லை!

கொட்டாம்பட்டியில் என் அக்கா வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். திருச்சி - மதுரை நெடுஞ்சாலை ஊர். பஸ், லாரி இரைச்சலுக்குக் குறைவில்லை. அக்கா பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாலை ஆறரை மணிக்கு வேதியியல் புத்தகத்தோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்திரிகைக்காரிக்கு எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் விடாதல்லவா? எண்ணினேன்.

"ஏத்தா, அப்பத்தாவுக்கு வெந்நீர் கொண்டு போய்க் குடு." "ஏத்தா, அடுப்பைச் சிம்மில் வை." "வாசலில் யாருன்னு பாரு." ஏழரை மணிக்குள் 11 தடவை! பத்தாவது படிக்கும் தம்பியும் அதே கூடத்தில்தான் இருந்தான். அவனுக்கு வந்த அழைப்பு ஒன்றே ஒன்று, பணியாரம் தின்பதற்கு.

லாரிச் சத்தம் அந்தப் பெண்ணை ஒன்றும் செய்யவில்லை. லாரி அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லையே!

ஒவ்வொன்றும் அரை நிமிஷ வேலைதானே என்று தோன்றும். கணக்கு அப்படி இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவினால், மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2009-ல் சோஃபி லெராய் என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். வெந்நீர் கொடுத்துவிட்டு வந்த பெண் எங்கேயோ பார்ப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவள் சும்மா இல்லை. விட்ட வரியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

கொட்டாம்பட்டியிலிருந்து மேலூருக்குப் போகும் வழியில் கருங்காலக்குடி என்ற ஊர் இருக்கிறது. அங்கே குன்றின் மேல் சமண முனிவர்கள் தங்கிய கற்படுக்கைகளை இன்றும் பார்க்கலாம். பாறையில் 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்தும் உண்டு. யோசித்துப் பாருங்கள்: மன ஒருமைப்பாட்டையே வாழ்க்கையாகக் கொண்ட துறவிகள்கூட அதை வீட்டுக் கூடத்தில் இருந்து பழகவில்லை, குன்றைத் தேடிப் போனார்கள். பதினேழு வயசுப் பெண்ணோ அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவே உட்கார்ந்து அதைச் சாதிக்க வேண்டும் என்கிறோம்.

அக்காவைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. "ஏன்க்கா, தம்பியைக் கூப்பிடக் கூடாதா?" என்றுதான் கேட்டேன்.

"அவனுக்கு எது எங்கே இருக்குன்னு தெரியாதே" என்றாள். சற்றுப் பொறுத்து, "என்னை யாரு ஒரு மணி நேரம் கூப்பிடாம விட்டாங்க?" என்று தன்னையே கேட்டுக்கொள்வதுபோல் சொன்னாள். அவளும் பிளஸ் டூ எழுதியவள்தான். ஒரு பாடத்தில் தவறி, அத்தோடு படிப்பு நின்றுபோனவள். அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை.

மறுநாளிலிருந்து ஆறரை முதல் ஏழரை வரை அந்தப் பெண்ணை யாரும் கூப்பிடுவதில்லை என்று அக்காவே சட்டம் போட்டாள். அப்பத்தா உள்பட எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டார் செய்ய வேண்டியது இவ்வளவு. மீதி, படிக்கிறவள் பொறுப்பு. பெண்ணே, செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடு. அதுவும் ஓயாமல் கூப்பிடுகிற பிராணிதான். "இன்று முழுவதும் படிப்பேன்" என்று சபதம் செய்யாதே. 1980-களின் கடைசியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது, சமையலறையில் உபயோகிக்கும் தக்காளி வடிவ மணிக் கடிகாரம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்ததுதான் 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்ற முறை. 25 நிமிஷத்துக்கு எந்த மனமும் இணங்கும். நடுவில் ஓடினால் அதைத் திட்டாதே. கைப்பிடித்து அழைத்து வந்து மறுபடியும் உட்கார வை. அடக்கம் என்பது ஓடாத மனம் அல்ல, அலுக்காமல் திருப்பி அழைத்து வரும் பழக்கம்.

படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுகூர்வது மேல். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களைச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்கள் முந்திவிட்டார்கள்! நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து ஒப்பித்தலிலும் இந்தச் சூட்சுமம் இருந்தது. ஆனால் கிளிப்பிள்ளைபோல் இல்லாமல், சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் தாய்மார்களுக்கு ஒரு நல்ல உத்தியோகம் காத்திருக்கிறது. ஏழரை மணிக்குக் கறிகாய் நறுக்கிக்கொண்டே, "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். பெண்ணுக்குப் பாடம் பதியும். உங்களுக்கும், என்றோ விட்டுப்போன படிப்பு கொஞ்சம் திரும்பி வரும்.

அந்த ஒரு மணி நேரத்தில் பால் பொங்கினால் என்ன செய்வது என்கிறீர்களா? பையனைக் கூப்பிடுங்கள். அடுப்பு எங்கே, கரித்துணி எங்கே என்று அவனும் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதுவும் ஒரு படிப்புத்தானே!