முதலில் திருப்புளியைக் கீழே வை

பொம்மை ரயில் ஓடுவதைப் பார்ப்பதைவிட, ஓடாததைப் பிரித்துப் பார்ப்பதில்தான் எனக்கு ருசி. ரயில் பிரியர்கள் கேட்டால் கோபிப்பார்கள். இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் ட்ரை-ஆங் என்ற பிராண்டின் பழைய பொம்மை ரயில் இஞ்சின்களைத் தேடி வாங்குகிறேன். ‘ஓடாது’ என்று சீட்டு ஒட்டியிருந்தால் கை தானாக நீளும்.

மார்கேட் தொழிற்சாலையில் 1950, 60-களில் செய்த இந்த இஞ்சின்கள் பலவற்றில் இருப்பது எக்ஸ்04 என்ற ஒரே மோட்டார். 12 வோல்ட், மூன்று துருவ ஆர்மேச்சர், இரண்டு கார்பன் பிரஷ். எல்லாம் கண்ணெதிரே இருக்கும். அதுதான் வம்பு; எதைப் பார்த்தாலும் கழற்றத் தோன்றும்.

இந்த அரிப்பை அடக்க எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கன்ட்ரோலரிலிருந்து இரண்டு ஒயர் எடுத்து நேரே மோட்டாரில் வைத்துப் பார்க்காமல் திருப்புளியைத் தொடுவதில்லை. மோட்டார் சுற்றினால் அதன்மேல் குற்றமில்லை. தண்டவாளத்திலிருந்து கரண்ட் அதுவரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். சக்கரத்தின் கறுப்பு அழுக்கைத் துடைத்து, சக்கரத்தைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் தகட்டை லேசாக வளைத்துவிட்டாலே பல இஞ்சின்கள் கிளம்பிவிடுகின்றன.

சுற்றவில்லை என்றாலும் முதல் சந்தேகம் பிசினாக இறுகிப்போன பழைய எண்ணெய்மேல்தான். அடுத்தது, பிரஷ்கள் உரசும் கம்யூட்டேட்டர். அதன் மூன்று செம்புத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் கரித்தூளும் எண்ணெயும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பல்குத்தும் குச்சியால் அதைக் கிளறி எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கீறல் விழுந்த செம்பு பிரஷைச் சீக்கிரம் தின்றுவிடும்.

பிரஷ்களை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் கரண்ட் கடத்தாத சின்ன உறை இருக்கும். அது கழன்றால் ஷார்ட். மோட்டார் எரிந்துவிட்டதென்று சொல்லி ஒருவர் அடிமாட்டு விலைக்குத் தந்த இஞ்சினில் காணாமல் போயிருந்தது அந்த உறை மட்டுமே. ஒரு ஒயரின் மேல்தோலைத் துண்டாக உருவி மாட்டினேன்; ஓடியது. அவரிடம் இதைச் சொல்லவில்லை.

காந்தத்தை மட்டும் நான் அசைப்பதே இல்லை. அக்காலக் காந்தத்தை மோட்டாரிலிருந்து பிரித்தால் வலு குறையும். அதன்பின் மோட்டார் கரண்டை அதிகம் இழுத்துச் சூடாகும், பெட்டிகளை இழுக்கத் திணறும். மறுபடி காந்தமேற்றத் தனிக் கருவி வேண்டும்.

எண்ணெயிலும் தாராளம் ஆகாது. மோட்டார் தண்டின் இரு முனைக்கும் ஊசி நுனியால் தொட்டு வைக்கும் அளவு போதும். மிஞ்சியது ஊர்ந்து கம்யூட்டேட்டருக்குத்தான் போகும்.

உங்களிடம் இப்படி ஒரு பழைய இஞ்சின் இருந்தால் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். மாதம் ஒருமுறையாவது தண்டவாளத்தில் ஏற்றி, இரு திசையிலும் சற்று நேரம் ஓட்டுங்கள். ஓட்டுவதில் ருசியில்லாத நானே ஓட்டுகிறேன்.