சுவரும் கரமும்

ஏசுவை நாம் வணங்குவதில்லை. எந்தத் தெய்வத்தின் முன்னும் நம் தலை தாழ்ந்ததில்லை. ஆயினும், ஏசுவின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒருவர் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்காதிருக்க நம்மால் முடிந்ததில்லை. கோயில் மணி ஒலித்தால் காதைப் பொத்திக்கொள்ளலாம். அந்த மணியோசையில் வளர்ந்த ஒரு மூதாட்டி, ஊரார் அஞ்சி ஒதுங்கும் புண்ணைத் தன் கையால் கழுவும்போது கண்ணை மூடிக்கொள்வது எங்ஙனம்? அந்த மூதாட்டியையே, அவர் கண் மூடிய பின், சாதிச் சுவருக்கு அஞ்சி அவர் வேண்டாத இடத்தில் புதைத்தபோது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எங்ஙனம்? மூடிக்கொண்டிருந்தோம், தோழர்களே! அதைத்தான் சொல்ல வந்தோம்.

1997. கல்லூரி விடுதியில் நம்முடன் ஒரே அறையில் தங்கிப் படித்த நண்பரிடமிருந்து தந்தி வந்தது: தாயார் மறைந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால், அந்த ஊர் மட்டுமே அப்படி என்று மற்ற ஊர்கள் மார்தட்டிக்கொள்ளும்.

அம்மையாரை நாம் முதலில் கண்டது மாணவப் பருவத்தில். விடுமுறைக்கு நண்பருடன் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஓட்டு வீடு, சுவரில் மாதா படம், படத்துக்குக் கீழே துவைத்து மடித்த வெள்ளைச் சேலைகள் மூன்று. தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் ஆயா வேலை. கூலி சொற்பம், வசவு ஏராளம். அந்த வேலையில் சேர்ந்த பின் சொந்தக்காரர்களே அவர் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்கினர். பூசையில் அவர் அமர்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே இருக்குமாம். சமத்துவம் பேசி, பகுத்தறிவு பேசி, அங்கே சென்ற நாமோ? இலை போட்டுச் சோறு வைத்தார். நாம் சோற்றைப் பார்க்கவில்லை, அவர் விரல்களைப் பார்த்தோம். ஒரு நொடிதான். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் தம்பி, பயப்படாம சாப்பிடுங்க" என்று சிரித்தார்.

அந்த நாணத்தை மறைக்கவோ என்னவோ, சாப்பிட்டு முடித்ததும் வாதம் தொடுத்தோம். இருபது வயதின் துடுக்கு! "கடவுள் கருணை உள்ளவர் என்றால் இந்த நோயை ஏன் படைத்தார்?" என்று கேட்டோம். மேடையில் பலமுறை கைதட்டல் வாங்கித் தந்த கேள்வி அது. அம்மையார் கைதட்டவில்லை, கோபிக்கவும் இல்லை. "அதெல்லாம் சாமியாரைக் கேளுங்க தம்பி. எனக்குப் புண்ணு கழுவத்தான் தெரியும்" என்றார். அவர் வாழ்ந்த காலமெல்லாம் ஒரு நாளேனும் நம்மைக் கோயிலுக்கு அழைத்ததில்லை. ஒரு துண்டு வெளியீடும் தந்ததில்லை.

புண் கழுவத் தெரியும் என்று அவர் சொன்னது சிறிய சொல்லன்று. அந்த அறிவு தமிழகத்தில் எப்படி விளைந்தது என்பதைப் பகுத்தறிவாளர் அறிந்திருக்க வேண்டும். தொழுநோயாளியின் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்று படித்த மருத்துவரும் நம்பியிருந்த காலம் அது. பாமரனோ முற்பிறப்பின் பாவம் என்றான். 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நம்புவதோடு நிற்கவில்லை. நோக்கினார், அளந்தார், எழுதி வைத்தார். கிருமி நரம்பைக் கொல்கிறது. நரம்பு செத்த இடத்தில் வலி இல்லை. வலி இல்லாதவன் கொதிக்கும் சட்டியைத் தூக்குவான், ஆணி தைத்த காலோடு நடப்பான். பெரியவர் கைக்கு அசையாத துருப்பிடித்த பூட்டை நோயாளிச் சிறுவன் ஒருவன் எளிதில் திறந்துவிட்டானாம். தரையில் சொட்டிய இரத்தத்தைக் கண்டு அவன் கையைப் பிடித்துப் பார்த்தால், எலும்பு தெரியும் அளவு விரல் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியாது! இரவில் படுக்கும்போது இருந்த விரல் காலையில் குறைந்திருக்கும் மர்மமும் இருந்தது. விழித்திருந்து காவல் காத்தபோது புலப்பட்டது: சாபமன்று, பாவமன்று, எலி! உறங்குபவனின் உணர்விழந்த விரலை எலி கொறித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். வேதாந்தம் பல நூற்றாண்டுகளில் செய்யாததைப் பூனை ஒரே இரவில் செய்தது.

மடங்கி இறுகிய விரல்களில், உழைக்கும் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, அவை மீண்டும் விரியும்படி செய்தார் பிராண்ட். அதைவிட நம் உள்ளத்தில் தங்கியது அவர் நினைவுகூரும் வேறொரு நிகழ்ச்சி. நோயாளி ஒருவரிடம் சிகிச்சையை விளக்கிக்கொண்டே தோளில் கை வைத்தார். அந்த மனிதர் தேம்பி அழுதார். தவறாக ஏதேனும் சொல்லிவிட்டோமோ என்று மருத்துவர் திகைத்தார். பல ஆண்டுகளாகத் தம்மை எவரும் தொட்டதில்லை, அதனால்தான் அழுதாராம்.

அந்த மருத்துவர் பிள்ளைப் பருவத்தில் ஓடி ஆடியது வல்வில் ஓரியின் கொல்லிமலையில். தந்தை ஜெஸ்ஸி, தாய் எவலின், இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மத ஊழியர்கள். மதம் பரப்பத்தான் வந்தார்கள். நாம் மறைக்கவில்லை, அவர்களும் மறைக்கவில்லை. மலைமக்கள் நெடுநாள் அவர்களை நெருங்கவில்லை. காய்ச்சல் கண்டு கிடந்த மலைப் பூசாரி ஒருவரின் வீட்டை அவருடைய சொந்தக் கூட்டமே கைவிட்டபோது, பிரசங்கத்தைப் புறக்கணித்த அந்த வீட்டுக்குள் நுழைந்து பணிவிடை செய்தவர்கள் இவர்களே. சாகும் தறுவாயில் பூசாரி தன் பச்சிளம் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் அந்த மலையிலேயே மாண்டார். எவலின் அம்மையாருக்கு எழுபதை நெருங்கும் வயதில் தலைமையகம் ஓய்வு தந்தது. ஓய்வை ஏற்பதாகச் சொல்லிவிட்டு மலையேறிவிட்டார்! மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். முதிர்ந்த வயதில் கண்ணாடியில் முகம் பார்ப்பதையே விட்டுவிட்டார். 1974-ல், 95 வயதில் மறைந்தபோது, அவர் விருப்பப்படி சவப்பெட்டி இல்லை; ஒரு பருத்தித் துணியில் சுற்றி மலை மண்ணில் கிடத்தினார்கள்.

நண்பரின் தாயாருக்கும் தம் அடக்கத்தைப் பற்றி ஒரு விருப்பம் இருந்தது. அதைக் கேட்டால் எளிது, செய்வது அரிது. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், நடுவே, மார்பளவு உயரத்தில் ஒரு சுவர் ஓடுகிறது. இந்தப் பக்கம் ஒரு சாதிக் கிறித்தவர். அந்தப் பக்கம் சேரிக் கிறித்தவர். வாயில்களும் இரண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன், சுவரின் இரு பக்கமும் வெள்ளையடிப்பார்கள். அடித்தவர் எவரும், இது எதற்கு என்று கேட்டதில்லை. மருத்துவமனையில் அம்மையார் புண் கழுவி, ஊட்டி, இறுதி மூச்சுவரை உடனிருந்தவர்களில் பலர் அந்தப் பக்கத்தில் உறங்குகிறார்கள். "என்னையும் அந்தப் பக்கமே வை. நம்ம ஆளுங்க அங்கதான் இருக்காங்க" என்று மகனிடம் சொல்லியிருந்தார்.

நண்பர் பெரியவர்களிடம் போய் நின்றார். நாம் உடன் நின்றோம். "தம்பி, அம்மா மேல எங்களுக்கும் மரியாதை உண்டு. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் ஒருவர். "நாளைக்கு உங்க தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச வேண்டாமா?" என்றார் மற்றொருவர். இளம் பங்குக் குரு தரையைப் பார்த்தார். ஊர் கூடி முடிவெடுக்கட்டும் என்றார். ஊர்தான் கூடியிருந்ததே! நண்பர் நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

முந்தைய மாதம்தான் ஒரு கூட்டத்தில் வடக்கன்குளத்துச் சுவரைப் பற்றி முழங்கியிருந்தோம். நெல்லைச் சீமையின் அந்த ஊரில், ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாக விரியும் கோயிலை 1872-ல் கட்டினார்கள். வேளாளர் ஒரு கிளையில், நாடார் மறு கிளையில், நடுவே தடுப்பு. ஒரே அப்பத்தைப் புசிப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பாரார்கள்! 1910-ல் ஆயரின் ஆணையால் சுவர் இடிக்கப்பட்டது. அன்பின் மார்க்கத்தவர் அதற்கு என்ன செய்தார்கள்? நீதிமன்றம் ஏறினார்கள், சுவரை மீண்டும் எழுப்பித் தருமாறு! சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்றும் சுவர் எழவில்லை. இதே ஊரில்தான், அதற்கும் முன்பு, 1745-ல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்றார். மேல் கீழ் பாராமல் எல்லோருடனும் பழகியவர் என்று அவரைக் கிறித்தவர்களே போற்றுகிறார்கள். 1752-ல் கொல்லப்பட்ட அவருக்கு 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்குமுன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைப் போராடி நீக்க வேண்டியிருந்தது. மோட்சத்தின் வாயிலிலும் சாதியைச் சோதித்தே அனுப்புகிறார்கள் போலும்.

கூட்டத்தில் நல்ல கைதட்டல். அத்தனை முழங்கிய நாம், நண்பர் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் என்ன செய்தோம்? கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். இது அவர்கள் மதத்தின் உள்விவகாரம், நாம் தலையிட்டால் வெளியாள் புகுந்து கலகம் செய்கிறான் என்பார்கள் என்று நமக்கு நாமே ஒரு நியாயம் தைத்துப் போர்த்திக்கொண்டோம். பேருந்து ஐந்து மணிக்கு. அதுவும் ஒரு நியாயம்தான்!

இந்தப் பக்கமே குழி வெட்டினார்கள். செபம் முடிந்து மண் போடும் வேளையில் சுவருக்கு அப்பால் இருவர் வந்து நின்றனர். முதியவர்கள். அவர்களுடைய வாயில் வழியாக வந்து, அவர்களுடைய எல்லையில் நின்றார்கள். ஒருவர் கையில் சாமந்தி மாலை. விரல்கள் பாதிக்குமேல் இல்லாத அந்தக் கைகள் மாலையைச் சுவருக்கு மேலே தூக்கி நீட்டின. வாங்க எவரும் நகரவில்லை. தொழுநோய்க்கு மருந்துண்டு, குணமானவரிடமிருந்து எவருக்கும் தொற்றாது என்பதெல்லாம் அங்கிருந்தோர் அறிந்ததே. நாம் அறிந்திருந்தோம். அறிவு வேறு, கை வேறு என்று அன்று கண்டோம். நண்பர்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார். மாலையை மட்டும் வாங்கவில்லை. அந்தக் கைகளையும் சேர்த்துப் பற்றிக்கொண்டு, சுவரில் தலை சாய்த்து அழுதார்.

ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்தோம். வழி நெடுக நம் வீட்டுத் திருமணங்களை எண்ணிக்கொண்டு வந்தோம். சீர்திருத்த முறையில் நடந்தவை பல. சாதி விட்டு நடந்தவற்றை எண்ண ஒரு கையின் விரல்களே மிச்சம். போலிக் கிறித்தவரைக் குத்த நாம் வைத்திருந்த ஈட்டி அன்று கையில் கனத்தது.

நண்பர் மதத்தை விடவில்லை. விட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தோம், ஏமாந்தோம். அவர் வேறொன்று செய்தார். ஆண்டுதோறும் நவம்பர் 2-ல், அந்தப் பக்கத்து வாயில் வழியாகவே கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைகிறார். அம்மையார் கவனித்துக்கொண்டவர்களின் குழிகளில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சுவர்மேல் கை ஊன்றித் தாவி, கடைசியில் தாயின் கல்லறைக்கு வருகிறார். தங்கையின் திருமணம் தள்ளிப்போயிற்று. பிறகு சாதி பாராத ஒரு குடும்பத்தில் நடந்தது. அவரிடம் ஊர் முன்போல் பேசுவதில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பிரசங்கம் செய்ததும் இல்லை. இப்போது வயதாகிவிட்டது, தாவ முடியவில்லை; சுற்றித்தான் வருகிறார்.

சென்ற நவம்பரில் நாமும் உடன் சென்றிருந்தோம், அந்தப் பக்கத்து வாயில் வழியாக. திரும்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தம்மைச் சுவருக்கு அந்தப் பக்கமே புதைக்க வேண்டும் என்று பங்குக் குருவுக்கு எழுதிய கடிதம். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டிருந்தார். ஒன்றில் அவர் தங்கை ஏற்கெனவே ஒப்பமிட்டிருந்தார்.

"நீங்க போடுவீங்களா?" என்று கேட்டார். 1997-ஐப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சுவரின்மேலேயே தாளை வைத்துக் கையெழுத்திட்டோம். வெள்ளை புதிதாக அடித்திருந்தது. கை முழுதும் ஒட்டிக்கொண்டது.