காலியாக் கெடந்த எடம்

எங்க சித்தப்பா சிங்கப்பூரில் கட்டடக் கூலியாக இருந்தவர். 2000இல் ஊர் திரும்பும்போது ஒரு ஸ்பீக்கர் பெட்டி கொண்டுவந்தார். ஒயர் கிடையாது. டேப்ரெக்கார்டரில் சொருக ஒரு சின்ன டப்பா உண்டு. அது பாட்டை 863 மெகாஹெர்ட்சில் காற்றில் அனுப்பும், திண்ணையில் இருக்கும் பெட்டி அதைப் பிடித்துப் பாடும். மங்களூர்ப் பக்கத்துச் சேரியில் அது அதிசயம். 2001 தேர்தலில் மங்களூர்த் தொகுதியில் தொல். திருமாவளவன் ஜெயித்த ராத்திரி எங்க தெருவில் பாடியது அந்தப் பெட்டிதான். நான் அப்போ பள்ளிக்கூடத்துப் பையன். அந்தத் தொகுதிப் பேர் இன்று இல்லை, மறுவரையறையில் திட்டக்குடியாகிவிட்டது. பெட்டி இருக்கிறது.

கேசட் செத்ததும் பெட்டி பரணுக்குப் போனது. எங்க காலனி இரவுப் பாடசாலைக்குப் பெட்டி தேவைப்பட்டபோது புதுசு வாங்கக் காசில்லை. பழசைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலம் போனேன். "எடைக்குப் போடு தம்பி" என்றார் ஒரு கடைக்காரர். நான் போடவில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ரிசீவர் வாங்கினேன், தீப்பெட்டி அளவுதான். பெட்டியைப் பிரிக்கவே வேண்டாம். முன்பு டேப்பில் சொருகிய டப்பாவின் ஒயரை இந்த ரிசீவரில் சொருகினால் போதும். செல்போன் ரிசீவருக்குச் சொல்லும், ரிசீவர் டப்பாவுக்குச் சொல்லும், டப்பா பெட்டிக்குச் சொல்லும். வேலை முடிந்தது.

ஒரு குறை இருந்தது. போனில் சத்தம் குறைந்தால் அந்த டப்பா தூங்கிவிடும். பாட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டு தானே அணைந்துபோகும். எங்க பையன்களுக்கோ சத்தத்தைக் குறைத்தே பழக்கம். ஊர்த்தெரு வந்தால் கை தானாகப் போய் அண்ணல் பாட்டை அமுக்கும். அது வெறும் பயமில்லை. 2015 மே மாதம் ஷீரடியில் செல்போனில் அம்பேத்கர் பாட்டு ஒலித்ததற்காக ஒரு தலித் நர்சிங் மாணவரைக் கொன்றே போட்டார்கள். பொதுத்தெருவும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உண்டு என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். நூறு வருசமாச்சு. தெருவில் நம்ம கால் போகலாம், நம்ம பாட்டு போகலாமா என்பது இன்னும் தீராத வழக்கு.

"டப்பா தூங்குதுடா, ஏத்தி வையி" என்று நான் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் ஏற்றிவைத்தார்கள்.

ஏப்ரல் 14 சாயங்காலம். பாடசாலை ரோட்டோரம். பிள்ளைகள் ஆட நின்றார்கள். பாட்டு போட்டிருந்த பையனுக்கு ஏதோ அழைப்பு வந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே தெருக்கோடிக்குப் போய்விட்டான். ப்ளூடூத் எட்டுவது முப்பது நாற்பது அடிதான், இணைப்பு அறுந்தது. ஒரு நிமிசம் அமைதி. பிறகு பெட்டி பாடியது. எங்க பாட்டு இல்லை. ஆண்ட பரம்பரை, அருவா, மீசை என்று ஒரு சாதிப்பாட்டு. எங்க பெட்டியில். அண்ணல் படத்துக்கு முன்னால்.

ரோட்டில் மூன்று பைக். இளவட்டங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாங்கிய ரிசீவருக்குப் பூட்டு இல்லை. எண் கேட்காது, யார் என்று கேட்காது. முதலில் தொடுகிறவனுக்குச் சொந்தம்.

எங்க பையன்கள் கட்டையைத் தேடினார்கள். என் ரத்தமும் கொதித்தது. ஆனால் ஒரு கல் விழுந்தால் வழக்கு யார் பேரில் வரும் என்று எனக்குத் தெரியும். ஓடிப்போய் சொருகியைப் பிடுங்கினேன். பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டன. பிள்ளைகள் ஆடாமலே உட்கார்ந்திருந்தார்கள். அந்த மௌனம்தான் என்னை அடித்தது.

பத்தாம் நூற்றாண்டில் டேனிஷ் சனங்களை ஒன்றுசேர்த்த ஹரால்ட் என்கிற ராசாவின் பட்டப்பேர்தான் ப்ளூடூத். எல்லாக் கருவியும் ஒன்றுசேரட்டும் என்று 1997இல் அந்தப் பேரை முன்வைத்தார்களாம். நல்ல எண்ணம்தான். ஆனால் சமமில்லாத ஊரில் எல்லாருக்கும் திறந்த எடம் என்றால், கை நீண்டவன் எடம் என்று அர்த்தம். புறம்போக்கு நிலத்தில் பார்த்ததைக் காற்றிலும் பார்த்தோம்.

ராத்திரி ஆயாவிடம் சொன்னேன். அவள் எழுத்து படிக்காதவள். "எடத்தக் காலியா வுட்டுட்டு அடுத்தவன் குந்திட்டான்னா எப்பிட்ரா? நீ குந்தியிருக்கணும்" என்றாள்.

வழி அதில்தான் இருந்தது. எங்க ரிசீவர் ஒரு நேரத்தில் ஒரு போனோடு மட்டும்தான் சேரும். நாம் சேர்ந்திருக்கும்வரை வேறெவனும் நுழைய முடியாது. பழைய போன் ஒன்றை எடுத்தோம். சிம்மைக் கழற்றியாச்சு, இனி எந்த அழைப்பும் வராது. பாடசாலைக்கு என்றே வைத்துவிட்டோம். அது பெட்டியை விட்டு நகராது. முதலில் போனை இணைத்துவிட்டு அப்புறம்தான் பெட்டியைப் போடுவது, முதலில் பெட்டியை அணைத்துவிட்டு அப்புறம்தான் போனை எடுப்பது. இந்த முறையை எட்டாவது படிக்கும் பொம்பளப் பிள்ளைகள்தான் சுவரில் எழுதி ஒட்டினார்கள். காவலும் அவர்கள்தான், முறை வைத்து.

அடுத்த ஞாயிறு விட்ட ஆட்டத்தை ஆடினார்கள். பைக்குகள் வந்தன, நின்றன, போனைத் தடவிப் பார்த்தன, போய்விட்டன. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எங்களில் யாரும் சொல்லவில்லை.